வெயிலில் வெளுத்த பழைய காடியின் சாயத்தை மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிற இந்த டவுனில், கடைவரிசை அஞ்சடி நடைபாதையில் நின்று எதிரே நிற்கும் காடிகளைப் பாருங்கள். பழைய புரோட்டோன் சாகா, இஸ்வாரா, வீரா, பெரோடுவா கஞ்சில். எஞ்சின் இன்னும் ஒழுங்காக ஓடும். கூரையும் பானட்டும் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். சிவப்பு வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கும். வெள்ளைக் காடியில் கை வைத்தால் விரலில் சுண்ணாம்பு ஒட்டும்.

இவற்றில் பலவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலிலேயே மீட்டுவிடலாம். சிலவற்றை எந்த மருந்து போட்டாலும் மீட்க முடியாது. எது எந்த ரகம் என்று பார்க்காமல் ஹார்ட்வேர் கடையில் ஒரு டின் காம்பவுண்டை, அதாவது சாயத்தின் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் கரடான பசையை, வாங்கி வந்து முழுக்காடியையும் தேய்க்கிறவர்கள்தான் பிறகு முழுக்காடிக்கும் சாயம் அடிக்கக் காசு தேடுகிறார்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: பாலிஷ் போடுவது சாயத்தைச் சேர்க்கிற வேலை இல்லை, சீவி எடுக்கிற வேலை. கம்பெனியில் அடித்த பிரைமர், நிறம், அதன் மேல் நிறமில்லாத பளபளப்பு அடுக்கான கிளியர் எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். பள்ளிப் பிள்ளையின் நோட்டுத் தாள் ஒன்றோ ஒன்றரையோ எவ்வளவு கனமோ, அவ்வளவுதான். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அந்தக் கனத்தில் எவ்வளவு குறைவாக எடுத்துக் காரியத்தை முடிப்பது என்பதைப் பற்றியதே.

சாயத்துக்கு என்ன ஆகிறது

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 முதல் 7 பாகைக்குள் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். மற்ற நாட்களிலும் அதிகம் விலகிப் போவதில்லை. புற ஊதாக் கதிர் சாயத்தில் உள்ள பிசினை, அதாவது நிறப்பொடியைப் பிடித்து வைத்திருக்கிற பசையை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. பிசின் போனால் நிறப்பொடி தளரும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் விழும். அந்த மேடுபள்ளத்தில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறும். அதனால்தான் மங்கலாகவும் வெளிறியும் தெரிகிறது. அடியில் உள்ள நிறம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

சிவப்பு சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. சிவப்பு நிறப்பொடி, சக்தி கூடிய நீல, பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. போதாததற்கு அந்தப் பொடிகளில் பல கரிமச் சேர்மங்கள், வெயிலைத் தாங்காதவை. வெள்ளை கதை வேறு. அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நிறம் மாறாது, ஆனால் வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினைத் தானே அரிக்கும். விரலில் ஒட்டும் சுண்ணாம்பு அதுதான்.

இதோடு நம் பக்கத்துச் சீதனங்கள் சில. 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான். இன்றைக்கும் திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. குலை ஏற்றிய லாரி முன்னால் போனால் பின்னால் வரும் காடிக்குச் செம்மண் தூசு. ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிகிறபோது பறக்கும் கரித்தூள் கூரையில் வந்து உட்காரும். மத்தியானம் கொளுத்தும் வெயில், நாலு மணிக்கு மழை, உடனே மறுபடியும் வெயில். தகரம் சுடச்சுட இருக்கும்போது விழுந்த தண்ணீர் காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை விடும்.

படி 1: முதலில் சாயத்தின் ரகத்தைக் கண்டுபிடியுங்கள்

பழைய காடிகளில் இரண்டு ரகம். நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருப்பது ஒன்று. பட்டறைகளில் சிங்கிள் ஸ்டேஜ் என்பார்கள். நிறத்தின் மேல் தனியாகக் கிளியர் அடித்தது மற்றொன்று. எண்பது, தொண்ணூறுகளில் வந்த வெள்ளை, சிவப்பு மாதிரியான வெறும் நிறங்கள் பல முதல் ரகம். மினுமினுக்கும் மெட்டாலிக் நிறங்களுக்குக் கிளியர் இருக்கும். இடையில் யாராவது மறுபடி சாயம் அடித்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இருபது, முப்பது வருடக் காடியில் அப்படி அடிக்காத ஒன்றைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

சோதனை சுலபம். கதவின் கீழ்ப்பகுதியில் கண்ணில் படாத இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் கடலை அளவு பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் காடியின் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ். அழுக்கைத் தவிர ஒன்றும் ஏறவில்லை என்றால் கிளியர்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. சாயம் அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் ஒரு பையன் கேட்டது காதில் விழுந்தது.

"அண்ணே, காம்பவுண்ட் போட்டா வந்துருமா?"

"ஒரு போத்தல் தண்ணிய ஊத்திப் பாரு தம்பி. தண்ணியில வராதது காம்பவுண்ட்லயும் வராது."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வெளுத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அது அந்த மேடுபள்ளத்தை நிரப்பிவிடும். ஈரம் இருக்கும் வரை பழைய நிறம் ஆழமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் மீட்கலாம், பாலிஷ் போட்டபின் ஏறக்குறைய அந்தத் தோற்றம்தான் வரும். ஈரத்திலும் பால் வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால், ஓரம் செதிலாகத் தூக்கியிருந்தால், நகத்தால் சீண்டும்போது தோல் உரிந்தால், கிளியர் செத்துவிட்டது. அந்த இடத்தில் மெஷினை வைத்தால் உரிவது இன்னும் பரவும். கூரை செத்து, கதவு உயிரோடு இருக்கும் காடிகள் நிறைய. ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

உண்மையான நிறம் எது என்று தெரிய பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கதவிடுக்கையும் பாருங்கள். பின்பக்கம் புது லைசன்ஸ்காரர் ஒட்டும் 'பி' ஸ்டிக்கரோ சாமி ஸ்டிக்கரோ வருடக்கணக்காக ஒட்டியிருந்தால் அதை உரித்துப் பார்த்தாலும் தெரியும். கீழே ஒரு சதுரம் அடர் சிவப்பாக, காடி வாங்கிய நாள் நிறத்தில் நிற்கும். அதன் விளிம்பைச் சுற்றி வெயில் குடித்த வெளிறிய சிவப்பு. வெயில் எவ்வளவு எடுத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கனம் அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் விடாதீர்கள். கம்பெனிச் சாயம் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200க்கு மேல் என்றால் மறுபடி அடித்த சாயம். அதற்கும் பல மடங்கு மேலே போனால் அடியில் புட்டி இருக்கிறது. 80க்குக் கீழே காட்டினால் ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்துவிட்டார்கள். அங்கே கையால் மெல்லிய பாலிஷ் மட்டும்.

படி 2: நேரமும் இடமும்

வெயிலில் நிற்கும் காடியின் தகடு 60, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் காம்பவுண்ட் போட்டால் நொடியில் காய்ந்து மண்ணாகும், சாயத்தில் கீறல் விழும். போர்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோயில் மண்டபத்துப் பக்கம், கடையின் பின்புற நிழல், எதுவானாலும் சரி. மரத்தடி மட்டும் வேண்டாம். பிசினும் மைனா எச்சமும் வேலை நடக்கும்போதே விழும்.

காலை ஏழு மணிக்குக் கழுவத் தொடங்கினால் பத்து மணிக்குள் கழுவலும் படி 5இல் வரும் களிமண் வேலையும் முடிந்துவிடும். புறங்கையைத் தகட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் தொடாதீர்கள். ஒரே நாளில் முழுக்காடியையும் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு வாரம் கூரையும் பானட்டும், அடுத்த வாரம் பக்கவாட்டு. மெழுகு போட்டு முடித்த தகடு காத்திருக்கும்.

படி 3: சாமான்

இரண்டு வாளி, காடி ஷாம்பு, நல்ல மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு, காடிச் சாயத்துக்கென்று விற்கும் களிமண் கட்டி (கிளே பார்), மாஸ்க்கிங் டேப், காம்பவுண்ட் ஒன்று, மெல்லிய பாலிஷ் ஒன்று, மெழுகோ சீலண்டோ ஒன்று. கரடாக வெட்டி எடுக்கிற வேலைக்கு ஃபேரக்லா ஜி3, 3எம் ரப்பிங் காம்பவுண்ட் மாதிரியானவை பட்டறைகளில் புழங்குகின்றன. எந்தப் பிராண்ட் என்பதைவிட எத்தனை கரடு என்பதுதான் முக்கியம். ஒரு டின் கரடு, ஒரு டின் மெல்லியது என்று இரண்டும் வாங்குங்கள். எப்போதும் மெல்லியதில்தான் தொடங்க வேண்டும்.

மெஷின் வாங்குவதா? கஞ்சில் மாதிரி சின்னக் காடி, அதுவும் சிங்கிள் ஸ்டேஜ் என்றால் கையாலேயே முடியும். தோள்பட்டை வலிக்கும், அவ்வளவுதான். கிளியர் அடித்த சாயம் கடினம், கைக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின் எடுங்கள். அது சுழன்றுகொண்டே ஆடும், ஒரே இடத்தைச் சூடாக்காது, புதியவர் கையில் கொடுத்தாலும் சாயத்தை எரித்துவிடுவது கடினம். சாயப் பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், அதே வேகத்தில் மடிப்பு ஓரங்களில் சாயத்தைத் தாண்டித் தகரத்தையும் காட்டிவிடும். இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் கம்பளிப் பேடை மாட்டிக்கொண்டு வருகிற ஆட்களும் உண்டு. அது நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடும் சாமான். பாலிஷ் வேலைக்கு 2,000 சுற்றே அதிகம். அப்படி ஒருவர் வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழைய சிவப்பு, மஞ்சள் சாயங்களில் ஈயச் சேர்மம் இருந்திருக்கலாம். அதனால் உலர்ந்த பொடியாகத் தேய்க்காதீர்கள். முகக்கவசம், கையுறை போடுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விளையாட விடாதீர்கள்.

படி 4: கழுவுதல்

இந்தப் படியில் அவசரப்படுகிறவர்தான் அதிகம். செம்மண் தூசு மெல்லிய மணல். அதன்மேல் துணியை வைத்து ஒரு இழு இழுத்தால் அதுவே சேண்ட்பேப்பர். முதலில் குழாய்த் தண்ணீரைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி நன்றாக ஓடவிடுங்கள். சக்கர வளைவு, பம்பர் அடி, வைப்பர் குழி இங்கெல்லாம் மண் அப்பியிருக்கும். அதைத் தனித் துணியால் தனியாகக் கழுவுங்கள்.

பிறகு இரண்டு வாளி முறை. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பில் தோய்த்து ஒரு தகட்டைக் கழுவியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் சேரும் சிவப்பு வண்டலைப் பார்த்தால், ஒரே வாளியில் கழுவியபோதெல்லாம் என்ன நடந்திருக்கிறது என்று புரியும். பழைய மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு போக இந்த ஒரு முறை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்துகொள்ளலாம். வாரா வாரம் அதைப் போட்டால் மெழுகு நிற்காது.

தார்ப்புள்ளிகளும் ஆலைக் கரியின் எண்ணெய்ப் பசையும் சோப்புக்குப் போகாது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, புள்ளியின் மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்தால் கரைந்து வரும். உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். முழுக்காடியையும் மண்ணெண்ணெயால் துடைத்துப் பளபளப்பாக்குவது பழைய தோட்டத்து வழக்கம்; அந்தப் பளபளப்பு எண்ணெய்தான், மழை வந்தால் போய்விடும்.

படி 5: களிமண்

கழுவிய பானட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் பிரேக் தூளும் கரியும் சாயத்தில் குத்திக்கொண்டு இருக்கின்றன. களிமண் கட்டியைக் கைக்குள் தட்டையாக்கி, தகட்டில் ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் பிடித்து இழுக்கும், சத்தம் வரும். பிறகு சத்தம் அடங்கி வழுக்கும். அடுத்த இடத்துக்குப் போங்கள். களிமண்ணை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். சிமெண்டுத் தரையின் மணல் ஒட்டிய களிமண்ணைச் சாயத்தில் வைக்கக்கூடாது.

சிங்கிள் ஸ்டேஜ் வெள்ளையிலும் சிவப்பிலும் களிமண்ணில் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம், செத்த மேல்தோல்தான் வருகிறது.

படி 6: டேப், பிறகு ஒரு சாண் சோதனை

பழைய இஸ்வாரா, வீரா மாதிரி காடிகளின் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, ஜன்னல் ரப்பர், பேட்ஜ் இவற்றை எல்லாம் டேப்பால் மூடுங்கள். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக்கறை நிற்கும், லேசில் போகாது. அதைவிட முக்கியம் மடிப்பு ஓரங்கள். பானட்டின் வரிக்கோடு, கதவு விளிம்பு, சக்கர வளைவின் உதடு, இங்கெல்லாம் சாயம் இயல்பிலேயே மெல்லியது, மெஷினின் அழுத்தமும் அங்கேதான் கூடும். அவற்றின் மேலும் ஒரு டேப். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் கையால் இலேசாகத் தேய்த்தால் போதும்.

இப்போது பானட்டில் ஒரு சாண் சதுரத்தை டேப்பால் கட்டி, மெல்லிய பாலிஷை மட்டும் போட்டுப் பாருங்கள். மனதுக்கு நிறைவாக வந்தால் முழுக்காடிக்கும் அதுவே. வராவிட்டால்தான் கரடான காம்பவுண்ட். அதிலும் வராவிட்டால் அடுத்து சேண்ட்பேப்பர் என்று பட்டறையில் சொல்வார்கள். 2000, 3000 நம்பர் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து இலேசாகத் தேய்ப்பது ஒரு வழிதான். அது காம்பவுண்டைவிட நிறைய எடுக்கும். கிளியரில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அந்தக் கனத்தோடுதான் போகும். தினமும் வெயிலில் நிற்கப்போகும் காடிக்கு, கீறல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை, தாள் வேண்டாம் என்பேன். கண்காட்சிக்கா கொண்டுபோகிறோம்?

படி 7: சிங்கிள் ஸ்டேஜ் என்றால் முதலில் எண்ணெய் ஊட்டுங்கள்

இந்தப் படியை நம் பக்கம் யாரும் செய்வதில்லை, ஆனால் பழைய சிவப்பு சாகாவுக்கு இதுதான் உயிர். வெயிலில் வறண்ட சாயத்தை அப்படியே காம்பவுண்டால் வெட்டினால் பொடிப்பொடியாகப் போய்க்கொண்டே இருக்கும். எண்ணெய் நிறைந்த, கரடே இல்லாத கிளேஸ் என்று ஒரு ரகம் இருக்கிறது. மெகுயர்ஸ் 7ஆம் நம்பர் கிளேஸ் இதற்குப் பெயர் போனது. பழைய டவல் துணியில் அதைத் தாராளமாக எடுத்துத் தகட்டில் கனமாகத் தேய்த்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். விடியற்காலையில் பார்த்தால் சில இடங்களில் எண்ணெயைக் காணோம், சாயம் குடித்திருக்கும். அங்கே மறுபடி தேயுங்கள். பிறகு துடைத்தால் துணி முழுக்கச் சிவப்பு. அதற்குப் பிறகு காம்பவுண்டே தேவைப்படாமல் மெல்லிய பாலிஷோடு வேலை முடிந்துபோகலாம்.

தேங்காய் எண்ணெயை வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒரு நாள் மின்னும். பிறகு பிசுபிசுத்து, லாரித் தூசையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம். பற்பசையும் அப்படித்தான். அது மெல்லிய கரடு, ஒரு சின்னக் கீறலுக்குச் சரி, பானட்டுக்கு இல்லை.

படி 8: காம்பவுண்ட்

கையால் செய்கிறவர்கள்: ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சில் ஐம்பது காசு வட்டம் அளவுக்குக் காம்பவுண்ட் எடுத்து, ஒன்றரை அடிச் சதுரத்துக்குள் மட்டும் தேயுங்கள். வட்டமாக வேண்டாம். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக. தொடக்கத்தில் அழுத்தம், போகப்போக இலேசாக. காய்வதற்கு முன்பே துடைத்து எடுங்கள்.

மெஷினில் செய்கிறவர்கள்: ஸ்பாஞ்ச் பேடில் பட்டாணி அளவுச் சொட்டு நாலைந்து. மெஷினை நிறுத்தி வைத்தபடியே பேடைத் தகட்டில் ஒற்றி, இரண்டடிச் சதுரத்தில் பரப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் சட்டையிலும் சுவரிலும் காம்பவுண்ட். மெதுவான வேகத்தில் ஒரு முறை பரப்பி, பிறகு 4 அல்லது 5ஆம் எண் வேகத்துக்குக் கூட்டுங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். நெடுக்காக ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று, இப்படி நாலு முதல் ஆறு தடவை. பேட் தகட்டில் படுத்தபடி இருக்கட்டும், ஓரத்தால் குத்தக்கூடாது. மெஷின் ஆடுவதற்குப் பதில் அப்படியே நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

ஒரு சதுரம் முடிந்ததும் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அடுத்து பேடை பிரஷால் சுத்தம் செய்யுங்கள். சிங்கிள் ஸ்டேஜ் சாயத்தில் இரண்டு சதுரத்துக்குள் பேட் முழுக்க நிறம் அப்பிக்கொள்ளும். அப்படியே தொடர்ந்தால் எடுத்த செத்த சாயத்தையே திரும்பப் பூசுகிறோம். மூன்று நாலு பேட் கைவசம் இருந்தால் மாற்றி மாற்றி வேலை செய்யலாம்.

கிளியர் அடித்த சாயத்தில் வேலை செய்யும்போது துணியில் திடீரென்று நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். கிளியர் முடிந்துவிட்டது. அங்கே இனி மெழுகு மட்டும்தான்.

ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், பானட்டில் உராயாது. மழை இடி கேட்டால் இழுத்த எக்ஸ்டென்ஷனை முதலில் கழற்றுங்கள், காடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 9: மெல்லிய பாலிஷ், துடைப்பு

காம்பவுண்ட் விட்ட மங்கலான மேகத்தை எடுக்கத்தான் இது. மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், அழுத்தம் இலேசு. இருண்ட நிறங்களுக்கு இதைத் தவிர்க்கக் கூடாது; வெள்ளைக்குக் கண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காட்டும். ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் உண்மை தெரியும், மெழுகும் ஒழுங்காகப் பிடிக்கும். சிங்கிள் ஸ்டேஜ் சாயத்தில் இதை ஒரு மூலையில் சோதித்துவிட்டே செய்யுங்கள். எண்ணெய் ஊட்டிய சாயமென்றால் இதை விட்டுவிடலாம்.

படி 10: மெழுகு

பாலிஷ் போட்ட சாயத்தைக் காப்பில்லாமல் நம் வெயிலில் நிறுத்தினால், குறிப்பாகச் சிங்கிள் ஸ்டேஜில், சில மாதத்தில் மறுபடியும் மங்கும். அதனால் அன்றைக்கே போடுங்கள்.

கார்னாபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. 82 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். தாவர மெழுகுகளில் இவ்வளவு கடினமானது இல்லை. பழைய சிவப்புக்கும் கறுப்புக்கும் அது தரும் ஆழம் தனி. ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதம் நின்றாலே பெரிது. செயற்கைச் சீலண்ட் அதைவிட நின்று பிடிக்கும். தினமும் வெளியில் நிற்கும் காடிக்குச் சீலண்ட், போர்ச்சில் நிற்கும் காடிக்கு எது பிடிக்கிறதோ அது. எதுவானாலும் மெல்லிசாகப் போடுங்கள். கனமாகப் போட்டால் துடைக்கும்போது கைதான் ஓயும்.

செராமிக் கோட்டிங் போடச் சொல்லி விளம்பரம் வரும். நல்ல சாயத்துக்கு நல்லதுதான். செத்துக்கொண்டிருக்கும் கிளியரின் மேல் அதைப் போட்டால், உரியும்போது கோட்டிங்கும் சேர்ந்து உரியும். அந்தக் காசுக்கு வீட்டு முன்னால் நாலு தூணும் தகரக் கூரையும் போட்டுவிடலாம்.

வேலை முடிந்தபின் பழக்கத்தில் ஒன்றிரண்டு மாற வேண்டும். பறவை எச்சத்தைக் கண்ட உடன் ஈரத்துணியை ஒற்றி ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். வெயிலில் காய்ந்தால் ஒரே நாளில் சாயத்தில் தடம் விழும். ஆயுத பூசைக்குப் பானட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் அன்று மாலையே துடைக்கப்பட வேண்டும். துளைவிட்ட பழைய வெள்ளைச் சாயம் குங்குமத்தின் சிவப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். தூசியோடு நிற்கும் காடிக்கு உறை போடாதீர்கள், காற்றில் ஆடி ஆடி அதுவே தேய்க்கும்.

பம்பரும் விளக்கும்

சாயம் மின்னும்போதுதான் சாம்பலாகிப் போன பம்பர் கண்ணை உறுத்தும். கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் டிரிம் மருந்தைப் பூசினால் சில வாரம், நல்லதென்றால் சில மாதம் கறுப்பாக இருக்கும். மஞ்சள் பூத்த முன்விளக்கு பாலிகார்பனேட் என்றால் 1000, 2000, 3000 நம்பர் தாளை வரிசையாகத் தண்ணீரோடு தேய்த்து, காம்பவுண்ட் போட்டு முடித்து, மேலே புற ஊதாக் காப்பு அடிக்க வேண்டும். காப்பு அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் பழைய மஞ்சள். மிகப் பழைய சாகாவின் விளக்கு கண்ணாடி. அதற்கு இந்த வேலையே இல்லை.

மீட்க முடியாத தகடு

கூரையோ பானட்டோ மட்டும் போயிருந்தால் அந்தத் தகட்டுக்கு மட்டும் சாயம் அடிக்கச் சொல்லுங்கள். முழுக்காடிக்கும் அடிப்பதில் ஒரு பகுதிச் செலவுதான் ஆகும். எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதை எழுதிக் கொடுங்கள். ஆனால் இருபது வருடம் வெயில் பார்த்த கதவுக்குப் பக்கத்தில் குறியீட்டு நிறம் சற்று அடர்த்தியாகத் தெரியும். ஆகவே மற்றத் தகடுகளை முதலில் பாலிஷ் போட்டு முடித்துவிட்டு, காடியையே பட்டறைக்குக் கொண்டுபோய் அதற்கு ஒத்துக் கலக்கச் சொல்வதுதான் முறை. செத்த கிளியரை முழுவதும் தேய்த்து எடுத்த பிறகே புதியது அடிக்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். உரியும் ஓரத்தை மட்டும் தேய்த்து மேலே அடித்தால் அடுத்த வருடம் அதே ஓரத்தில் மறுபடி தூக்கும்.

சொந்தமாக ஸ்பிரே டின்னில் டூ-கே கிளியர், அதாவது இறுக்கும் மருந்து கலந்து அடிக்கிற கிளியர், அடிக்க நினைப்பவர்களுக்கு: அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரணத் துணிக் கவசம் அதைத் தடுக்காது. அந்த வேலையைப் பட்டறைக்கு விடுங்கள்.

அதே நிறத்தில் அடித்தால் காடியின் பதிவுப் பத்திரத்தில் மாற்ற ஒன்றுமில்லை. சிவப்புக்கு அலுத்துக் கறுப்புக்கு மாறுகிறீர்கள் என்றால் ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், நிறமாற்றத்தைப் பதிந்துகொள்ள வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.